தென் அமெரிக்க ஃபேர்டிரேட், ஆர்கானிக் காபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரு, கொலம்பியா, பொலிவியா என்று பெயர் போட்ட காபிப் பொட்டலங்களில் முத்திரைகள் கூடிக்கொண்டே போகின்றன. வாங்கிக் குடிப்பவர்களும், சிறிய அளவில் வறுத்து விற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். விலைகள் எல்லாம் அமெரிக்க டாலரில், ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) வறுக்காத பச்சைக் கொட்டைக்கு. உலகச் சந்தை அந்தக் கணக்கில்தான் பேசுகிறது.

1. ஃபேர்டிரேட், ஆர்கானிக் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஃபேர்டிரேட் என்பது யார் விற்கிறார், என்ன விலைக்கு விற்கிறார் என்பதைப் பற்றியது. ஆர்கானிக் என்பது தோட்டத்தில் என்ன போட்டார்கள், என்ன போடவில்லை என்பதைப் பற்றியது. ஃபேர்டிரேட் தோட்டத்தில் யூரியா போடலாம். ஆர்கானிக் தோட்டத்துக்காரர் அடிமாட்டு விலைக்கு விற்றாலும் அவருடைய சான்றிதழ் செல்லும்.

பெருவிலும் பொலிவியாவிலும் பல கூட்டுறவு சங்கங்கள் இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். பொட்டலத்தில் ஒரு முத்திரை மட்டும் இருந்தால் மற்றதும் உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. சாதாரண காபிக்கு விலை வைக்கிறது யாரு?

அராபிகா ரகக் காபிக்கு நியூயார்க்கின் ஐஸ் (ICE) முன்பேரச் சந்தையில் நடக்கும் 'சி' ஒப்பந்தம்தான் அடிப்படை. ஓர் ஒப்பந்தம் 37,500 பவுண்டு. அந்த விலையின் மேல் நாட்டுக்கும் தரத்துக்கும் ஏற்பச் சில சென்ட் கூட்டியோ குறைத்தோ வியாபாரம் நடக்கிறது. 1989 ஜூலை வரை சர்வதேச காபி ஒப்பந்தத்தின் கீழ் ஏற்றுமதி ஒதுக்கீடு இருந்தது. அது முறிந்ததும் விலை சரிந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 1988 நவம்பரில், நெதர்லாந்தில் முதல் ஃபேர்டிரேட் முத்திரை காபிக்காகவே வந்திருந்தது.

சந்தை எவ்வளவு ஆடும் என்பதற்கு: 2019இல் 'சி' விலை ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது, 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. காபிச் செடி நட்டு முதல் காய்ப்புக்கு மூன்று வருடம் ஆகும். விலையைப் பார்த்து நடுவதும் பிடுங்குவதும் விவசாயிக்கு நடக்கிற காரியம் இல்லை.

3. ஃபேர்டிரேட்ல எவ்வளவு கிடைக்கும்? கணக்கா சொல்லுங்க.

ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் அமைப்பின் குறைந்தபட்ச விலை, 2023 ஆகஸ்டு முதல், கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 1.80 டாலர். பழத்தோடு உலர்த்திய அராபிகாவுக்கு 1.75. ஆர்கானிக் என்றால் இன்னொரு 40 சென்ட். இவற்றுக்கு மேல் பிரீமியம், அதாவது சங்கத்துக்குத் தரும் கூடுதல் தொகை, 20 சென்ட். ஆக, கழுவிய ஆர்கானிக் அராபிகாவுக்கு அடிமட்டம் 2.40.

சந்தை விலை 1.80க்கு மேல் போனால் குறைந்தபட்ச விலைக்கு வேலை இல்லை. சந்தை விலைதான் அடிப்படை, அதன் மேல் அதே 40, அதே 20. சந்தை 3.00 என்றால் மொத்தம் 3.60.

ஒரு கன்டெய்னரில் பார்ப்போம். பெருவின் ஏற்றுமதி மூட்டை 69 கிலோ (கொலம்பியாவில் 70, பிரேசிலில் 60). 275 மூட்டை ஏறினால் 18,975 கிலோ, அதாவது சுமார் 41,830 பவுண்டு. 2.40 வீதம் ஏறக்குறைய 1,00,400 டாலர். அதில் பிரீமியம் மட்டும் சுமார் 8,370.

4. அந்த 2.40 முழுசா விவசாயி கைக்குப் போகுமா?

போகாது. விளம்பரங்கள் மங்கலாக விட்டுவிடும் இடம் இது. அந்த விலை துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய விலை; சங்கத்துக்குக் கிடைப்பது, தனி விவசாயிக்கு அல்ல. ஆந்தீஸ் மலைச்சரிவிலிருந்து கொள்முதல் நிலையம், அங்கிருந்து க்யூரிங் ஆலை, ஓடு நீக்கி எந்திரத்திலும் கையாலும் தரம் பிரிப்பது, சாக்கு, துறைமுகம் வரை லாரி, சான்றிதழ் கட்டணம், வங்கிக் கடன் வட்டி, சங்க ஊழியர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். வட பெருவின் ஹயேன் பகுதிக் காபி பைத்தா துறைமுகத்துக்கு இறங்குகிறது. பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லை. சிலியின் அரிகா வரை மலை தாண்டிப் போக வேண்டும். அந்தச் செலவும் விவசாயி தலையில்தான்.

பெருவில் பேச்சு 46 கிலோ பச்சைக் கொட்டை கொண்ட 'கின்டால்' கணக்கில். அதற்கு 55, 56 கிலோ பார்ச்மென்ட் (ஓட்டோடு உலர்ந்த கொட்டை) கொடுக்க வேண்டும். கொட்டை இளைத்திருந்தால், துளை விழுந்திருந்தால், ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். சங்கம் பெரும்பாலும் இரண்டு தவணையில் பணம் தரும்: சரக்கு கொடுக்கும்போது அன்றைய விலை, ஏற்றுமதி முடிந்து கணக்குப் பார்த்த பிறகு மீதி. நன்றாக நடக்கும் சங்கத்துக்கும் சுமாராக நடக்கும் சங்கத்துக்கும் வித்தியாசம் இந்த மீதித் தொகையில் தெரியும்.

5. 20 சென்ட் பிரீமியம் யாருக்கு?

சங்கத்துக்கு. உறுப்பினர் பொதுக்குழு கூடி, வாக்கெடுத்து, எதற்குச் செலவு என்று எழுதி வைக்க வேண்டும். அதில் குறைந்தது 5 சென்ட், அதாவது கால் பங்கு, விளைச்சலையும் தரத்தையும் உயர்த்துவதற்கே போக வேண்டும்: நாற்றங்கால், உலர்த்தும் கூடாரம், கம்போஸ்ட் களம், சுவை பார்க்கும் கூடம் போன்றவை. மீதியைப் பள்ளிக்கும் செலவிடலாம், ரொக்கமாகப் பிரித்தும் கொடுக்கலாம். ரொக்கமாகப் பிரிப்பதைச் சிலர் முறைகேடு என்று நினைக்கிறார்கள். பொதுக்குழு முடிவு செய்திருந்தால் அது விதிக்கு உட்பட்டதே.

6. கடையில விலை ஏகப்பட்டது கூட இருக்கே. அந்த வித்தியாசம் எல்லாம் விவசாயிக்கா?

வறுக்கும்போது எடை சுமார் 16 சதவீதம் குறையும். 250 கிராம் பொட்டலத்துக்கு ஏறத்தாழ 300 கிராம் பச்சைக் கொட்டை, அதாவது 0.66 பவுண்டு வேண்டும். சந்தை விலை உயர்ந்திருக்கும் காலத்தில் முத்திரைகளால் விவசாயி பக்கம் கூடுதலாகப் போவது 40 சென்ட்டும் 20 சென்ட்டும் சேர்த்து பவுண்டுக்கு 60 சென்ட். அந்தப் பொட்டலத்துக்குக் கணக்கிட்டால் வெறும் 40 சென்ட்.

பக்கத்தில் இருக்கும் முத்திரையில்லாத காபியைவிட அது நாலு டாலர் கூடுதல் என்றால், மீதி 3.60 வேறு எங்கோ போகிறது: சிறு ரோஸ்டரின் உற்பத்திச் செலவு, முத்திரை உரிமத் தொகை, கடையின் லாபம், உயர்ந்த தரக் கொட்டைக்கான விலை. அதெல்லாம் நியாயமாகவே இருக்கலாம். 'கூடக் கொடுத்தது அத்தனையும் விவசாயிக்கு' என்பது மட்டும் உண்மையில்லை.

7. பெரிய எஸ்டேட்டுக்கும் ஃபேர்டிரேட் கிடைக்குமா?

யாருடைய முத்திரை என்பதைப் பொறுத்தது. கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையும் கொண்ட முத்திரை ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் உடையது. காபியில் அது சிறு விவசாயிகளின் அமைப்புகளுக்கு மட்டும், எஸ்டேட்டுக்குக் கிடையாது. அமெரிக்கக் கடைகளில் அதிகம் தெரிவது 'ஃபேர் டிரேட் சர்டிஃபைடு' என்று எழுதிய வேறொரு முத்திரை. அந்த அமைப்பு 2011 முடிவில் தனியே பிரிந்தது. அது எஸ்டேட்டுகளையும், சங்கத்தில் சேராத சிறு விவசாயிகளையும் ஏற்கிறது. பிரிவுக்கு முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான்.

மூன்றாவதாக 'எஸ்.பி.பி.' என்ற சிறு உற்பத்தியாளர் சின்னம் உண்டு. லத்தீன் அமெரிக்க விவசாயச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் தானே உருவாக்கியது. எஸ்டேட்டுகள் உள்ளே வந்தால் சிறு விவசாயியின் இடம் போய்விடும் என்ற கவலையிலிருந்து பிறந்தது அது. கடைகளில் அரிதாகத்தான் கண்ணில் படும்.

8. பிரேசில்தானே உலகத்துலயே பெரிய காபி நாடு? ஆர்கானிக்னு பார்த்தா ஏன் பெருவே வருது?

பிரேசில் உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளைவிக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் திறந்த வெயில், எந்திர அறுவடை, ரசாயன உரம் என்ற முறை. விதிவிலக்குகள் இருக்கின்றன: மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் போசோ ஃபுன்டோ ஊரின் கூப்ஃபாம் சங்கம் ஆர்கானிக், ஃபேர்டிரேட் இரண்டிலும் பெயர் பெற்றது. கொலம்பியாவில் 1927 முதல் இயங்கும் காபி விவசாயிகள் கூட்டமைப்பு அன்றைய சந்தை விலைக்குக் கொள்முதல் உத்தரவாதம் தருகிறது. உரத்தோடு நெருக்கி நடும் முறை அங்கே வேரூன்றிவிட்டது. ஃபேர்டிரேட் சங்கங்கள் அங்கே நிறைய, காவ்கா பகுதியின் கொசுர்கா போல. ஆர்கானிக் பரப்பு சிறியதுதான்.

பெருவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காபி வளர்க்கின்றன. பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று ஹெக்டேர். பகாய் மரநிழலில், உரம் வாங்கக் காசில்லாமல் வளர்த்த தோட்டங்கள் அவை. 1990களில் ஐரோப்பிய வாங்குபவர்கள் ஆர்கானிக் கேட்டு வந்தபோது, அந்த வறுமையே தகுதியாகிவிட்டது. சான்றிதழுக்குக் காகிதம்தான் குறைவாக இருந்தது. ஹயேனின் சென்ஃப்ரோகாஃபே, சோல் இ காஃபே, பூனோ மலையிறக்கத்தின் செகோவாசா போன்ற சங்கங்கள் இந்த வழியில் வளர்ந்தவை. பொலிவியாவில் காரனாவி சுற்றுப்புறத்திலும் இதே நிலை. அங்கும் பூனோவிலும் காபிக்குப் போட்டி கோக்கா இலை: வருடத்துக்கு மூன்று, நான்கு முறை அறுவடை, கையில் ரொக்கம்.

9. ஆர்கானிக்னா மருந்தே அடிக்க மாட்டாங்களா?

அடிப்பார்கள். செயற்கை ரசாயனம் இல்லை என்பதுதான் விதி. இலைத்துரு என்ற பூஞ்சாண நோய்க்கு போர்டோ கலவை அனுமதி: 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திரியும். இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். ஐரோப்பிய விதிப்படி செம்பு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோவைத் தாண்டக் கூடாது, சராசரி ஆண்டுக்கு 4 கிலோ. மேலே சொன்ன 100 லிட்டரில் இருக்கும் செம்பு சுமார் 250 கிராம். தெளிப்புக்கு 400 லிட்டர் பிடித்தால் நான்கு முறையோடு அந்தச் சராசரி தீர்ந்துவிடும்.

காய்த்துளைப்பான் வண்டுக்கு ஆல்கஹால் வைத்த பொறி, பியூவேரியா பூஞ்சாணம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தமான அறுவடை. செடியில் தங்கிய பழத்தையும் கீழே உதிர்ந்த பழத்தையும் பொறுக்கி எடுக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கான வண்டு அதற்குள்தான் காத்திருக்கும். உரத்துக்குக் காபிப் பழத்தோல் கம்போஸ்ட். பெருவில் கடல்தீவுகளில் சேரும் பறவை எச்சமான குவானோவும் உண்டு.

10. ரெண்டு ஹெக்டேர் வெச்சிருக்கிறவர் சான்றிதழ் செலவை எப்படித் தாங்குவார்?

தனியாகத் தாங்க முடியாது. குழுச் சான்றிதழ்தான் வழி. சங்கம் தன் உள் ஆய்வாளர்களை வைத்து ஒவ்வொரு தோட்டத்தையும் வருடம் ஒருமுறை பார்த்து, வரைபடம், மதிப்பிட்ட விளைச்சல், என்ன இட்டார்கள் என்ற பதிவு எல்லாம் வைத்திருக்கும். வெளியிலிருந்து வரும் சான்றளிப்பு நிறுவனம் இந்த அமைப்பைச் சோதித்து, சில தோட்டங்களை மட்டும் நேரில் பார்க்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 சட்டம் இதைக் கடுமையாக்கியது. ஒரு குழுவில் அதிகபட்சம் 2,000 பேர். குழு தனிச் சட்ட அமைப்பாக, உறுப்பினர்களைக் கொண்டே அமைய வேண்டும். ஆண்டுதோறும் 5 சதவீதத் தோட்டங்களை நேரில் பார்க்க வேண்டும், 2 சதவீதத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஏற்றுமதி நிறுவனமே விவசாயிகளைக் கூட்டிச் சான்றிதழைத் தன் பெயரில் வைத்திருந்த பழைய ஏற்பாடு இதனால் செல்லாமல் போனது. நோக்கம் சரியானது, செலவு சங்கத்தின் மேல் விழுந்தது.

11. ஆர்கானிக்குக்கு மாறுற மூணு வருஷம் என்ன ஆகும்?

கடைசியாக ரசாயனம் போட்ட நாளிலிருந்து 36 மாதம் கழித்தே அந்தக் காபியை ஆர்கானிக் என்று விற்கலாம். அதுவரை உழைப்பு ஆர்கானிக், விலை சாதாரணம். இரண்டாம் வருடத்தில் மனம் சோர்ந்து ஒரு மூட்டை உரம் போட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. முன்பே எதுவும் போடாத தோட்டம் என்று பதிவுகளோடு காட்ட முடிந்தால் சான்றளிப்பவர் காலத்தைக் குறைக்கலாம்.

12. விளைச்சல் குறையுமே. 40 சென்ட் கட்டுப்படியாகுமா?

சந்தை விலையைப் பொறுத்து விடை மாறும். அடிமட்ட விலையில் சாதாரணக் காபி 1.80, ஆர்கானிக் 2.20. விளைச்சல் 18 சதவீதம் வரை குறைந்தால் வருமானம் சமம். சந்தை 3.00 என்றால் 3.00க்கு 3.40, 12 சதவீதம் குறைந்தாலே சமம். சந்தை 4.00க்குப் போனால் அந்த எல்லை 9 சதவீதம். 40 சென்ட் அப்படியே நிற்க, விலை ஏற ஏற அதன் பலம் குறைகிறது. நல்ல விலைக் காலத்தில் விவசாயிகள் ஆர்கானிக்கை விட்டு விலகுவது பேராசையால் அல்ல, இந்தக் கணக்கால். உரச் செலவு மிச்சமாவதைக் கூட்ட வேண்டும், கம்போஸ்ட் தூக்கும் கூலியையும் களையெடுக்கும் கூலியையும் கழிக்க வேண்டும்.

விளைச்சல் விழுவதற்கு ரசாயனம் இல்லாதது மட்டும் காரணமில்லை. எதுவுமே போடாமல் விட்டதும், இருபது வருடம் கவாத்து பார்க்காத கிழட்டுச் செடிகளும்தான் பெரிய காரணம். தோட்டத்தை நாலைந்து பாகமாகப் பிரித்து, வருடம் ஒரு பாகத்தைத் தரையிலிருந்து 30, 40 சென்டிமீட்டரில் வெட்டித் துளிர்க்க விட்டு, கம்போஸ்டும் குவானோவும் முறையாகக் கொடுக்கும் ஆர்கானிக் தோட்டம் அக்கம்பக்கத்துக்குச் சளைப்பதில்லை.

13. இலைத்துரு வந்தா ஆர்கானிக் தோட்டம் அவ்வளவுதானா?

1869இல் இலங்கையில் பதிவான அதே நோய்தான். தமிழ்த் தொழிலாளர்கள் மலையகம் போனது முதலில் காபிக்காகத்தான். அந்தத் தோட்டங்களைத் தேயிலைக்கு மாற்ற வைத்தது இந்தப் பூஞ்சாணம். தென் அமெரிக்காவில் 1970இல் பிரேசிலின் பாயியாவில் தென்பட்டது. 2012, 2013இல் பெருவைக் கடுமையாகத் தாக்கியது. டிப்பிகா, கத்தூரா போன்ற பழைய ரகங்கள் இலை உதிர்ந்து குச்சியாக நின்றன.

போர்டோ கலவை வருமுன் காக்கும், வந்தபின் தீர்க்காது. இலையடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்த பிறகு அடித்துப் பெரிய பயன் இல்லை. பூத்த பிறகு, மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். நிரந்தர வழி எதிர்ப்பு ரகம். கொலம்பியாவின் செனிகாஃபே ஆய்வு நிலையம் 2005இல் வெளியிட்ட கஸ்தியோ அப்படிப்பட்டது. பெருவில் பலர் கட்டிமோர் என்ற இன்னொரு எதிர்ப்பு ரகத்துக்கு மாறினார்கள். கட்டிமோர் சுவை மட்டம் என்ற புகாரில் பாதி உண்மை. பழம் நன்றாகப் பழுக்கும் முன் பறிப்பது மீதிப் பாதி.

14. சந்தை விலை ஏறிட்டா ஃபேர்டிரேட் எதுக்கு?

விலை ஏறும்போதுதான் சங்கங்கள் உடைகின்றன. சங்கம் ஆறு மாதம் முன்பு நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கும். அறுவடை நேரத்தில் விலை பறக்கும். ஊர் வியாபாரி வீட்டு வாசலில் ரொக்கத்தோடு நிற்பார். உறுப்பினர் அவருக்கு விற்றுவிட்டால், சங்கம் வெளியில் அதிக விலைக்கு வாங்கி ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும், அல்லது முறிக்க வேண்டும். 2021இல் கொலம்பியாவில் இது பெரிய அளவில் நடந்தது.

இங்கே கைகொடுப்பது முன்பணம். சங்கம் கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்நிதிக்கு வாங்குபவர் வழிசெய்ய வேண்டும் என்பது ஃபேர்டிரேட் விதி. ரொக்கம் கையில் இருந்தால் சங்கமும் வாசலில் வாங்க முடியும். நீங்கள் சங்கத்திடம் நேரடியாகக் கொள்முதல் செய்பவர் என்றால், நிலையான விலை ஒப்பந்தத்தைவிடச் சந்தையோடு நகரும் விலையில் ஒப்பந்தம் போடுவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

15. பழம் பறிக்கிற கூலிக்காரங்களுக்கு என்ன கிடைக்குது?

முத்திரைகள் பலவீனமாக இருக்கும் இடம். சிறு விவசாயியின் தோட்டத்துக்கு அறுவடைக்கு வருபவர் கூலியைப் பெருவில் டப்பா கணக்கில், கொலம்பியாவில் கிலோ கணக்கில், பிரேசிலில் லிட்டர் அளவையில் பேசி வாங்குகிறார். கூலியாட்களை அதிகம் வைத்திருக்கும் இடங்களுக்கு ஃபேர்டிரேட் தொழிலாளர் விதிகள் இருக்கின்றன. மூன்று பேர் மூன்று வாரம் பறித்துவிட்டுப் போகும் தோட்டத்தை யாரும் நெருங்கிக் கண்காணிப்பதில்லை. குறைந்தபட்ச விலையும் பிரீமியமும் அவர்களை எட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிரேசிலில் வேறு கருவி ஒன்று உண்டு. அடிமைத்தனத்துக்கு நிகரான நிலையில் வேலை வாங்கிப் பிடிபட்டவர்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. காபித் தோட்டங்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. பிரேசில் காபி வாங்குபவர் தோட்டத்தின் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

16. பாக்கெட்ல இருக்கிற முத்திரை உண்மையானு எப்படிப் பார்க்கிறது?

ஃபேர்டிரேட்: சங்கத்துக்கும் வணிகருக்கும் 'ஃப்ளோ ஐடி' என்ற எண் உண்டு. பான் நகரில் இருக்கும் ஃப்ளோசெர்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தேடலில் அதைப் போட்டால் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். சர்க்கரை, கோக்கோவில் முத்திரைச் சரக்கும் சாதாரணச் சரக்கும் கலந்து போக, அளவைக் கணக்கில் மட்டும் சமன் செய்யும் முறைக்கு அனுமதி உண்டு. காபியில் சரக்கே தனியாகப் பயணித்தாக வேண்டும்.

அமெரிக்க ஆர்கானிக்: வட்ட முத்திரையோடு, சான்றளித்தவர் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் இணையப் பட்டியலில் சங்கத்தின் பெயரைத் தேடலாம். 2024 மார்ச் முதல் ஒவ்வொரு இறக்குமதிக்கும் மின்னணுச் சான்று கட்டாயம்.

ஐரோப்பிய இலை முத்திரை: கீழே ஒரு குறியீடு இருக்கும். பெரு காபியில் ஜெர்மன் குறியீட்டைப் பார்த்துப் போலி என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அந்தக் குறியீடு கடைசியாகப் பொட்டலம் போட்டவரைச் சோதித்த அமைப்புடையது, தோட்டத்தைச் சோதித்தவருடையது அல்ல. பக்கத்தில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே விளைந்தது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

17. தவளை முத்திரையும் இதேதானா?

இல்லை. தவளை முத்திரை தரும் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பு மரநிழல், நீர், தொழிலாளர் விதிகளைப் பார்க்கிறது, எஸ்டேட்டுக்கும் கிடைக்கும், அனுமதிக்கப்பட்ட பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தலாம். வாங்குபவர் கூடுதல் தொகை தர வேண்டும் என்கிறது. காபிக்கு 3இல் சொன்னது போன்ற அடிமட்ட விலை அதில் கிடையாது.

18. முத்திரையே இல்லாம 'டைரக்ட் டிரேட்'னு போட்டிருந்தா நம்பலாமா?

அந்தச் சொல்லுக்குப் பொது விதி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சங்கம் அல்லது தோட்டம், துறைமுக விலை எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை வருடமாக அவர்களிடம் வாங்குகிறீர்கள். விலையை எண்ணில் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஃபேர்டிரேட் அடிமட்டத்தைவிட இரண்டு மடங்கு தருபவர்களும் உண்டு. மலையும் புன்னகையும் உள்ள புகைப்படத்தை மட்டும் காட்டினால் வேறு கடை பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சான்றிதழ் பெற்ற சங்கங்கள் தங்கள் சரக்கு முழுவதையும் முத்திரையோடு விற்க முடிவதில்லை. அந்த விலைக்கு வாங்க ஆள் போதவில்லை. மீதி சாதாரணக் காபியாகப் போகிறது. முத்திரை இல்லாத பொட்டலத்தில் அதே தோட்டத்துக் காபி இருக்கலாம், பிரீமியம் மட்டும் போயிருக்காது.

19. ஃபில்டர் காபிக்கு ஒத்துவருமா?

வரும், ஆனால் ஆர்கானிக் என்பதற்காகச் சுவை கூடிவிடாது. கழுவிய பெரு காபி மென்மையானது. வெளிர் வறுவலில் வாங்கிப் பால் ஊற்றினால் காணாமல் போகும். நடுத்தரத்துக்கு மேல் வறுத்ததை, ஃபில்டர் பதத்துக்கு அரைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள். பிரேசிலின் பழத்தோடு உலர்த்திய காபி பாலுக்கு இன்னும் பொருத்தம். இந்தியாவில் இவை எளிதில் கிடைக்காததற்குக் காரணம் கடுமையான சுங்க வரி.

பெரு அறுவடை ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கப்பல் ஏறி வந்து சேர ஆண்டு முடிவாகிவிடும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வாங்குவது புதுச் சரக்கு. பொட்டலத்தில் வறுத்த தேதி மட்டும் இருக்கும். அறுவடை ஆண்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

20. ஆர்கானிக் காபியில களைக்கொல்லி எச்சம் வந்ததுனு சரக்கைத் திருப்பி அனுப்புறாங்களே, ஏமாத்தறாங்களா?

சில சமயம் ஏமாற்று. பல சமயம் கவனக்குறைவு. பக்கத்துத் தோட்டத்துத் தெளிப்பு காற்றில் வருவது, வாழைக்கோ மக்காச்சோளத்துக்கோ களைக்கொல்லி அடித்த அதே முதுகுத் தெளிப்பானைக் கழுவாமல் பயன்படுத்துவது, உரம் வந்த சாக்கில் பார்ச்மென்டைக் கட்டுவது, க்யூரிங் ஆலையில் முந்தைய சாதாரணச் சரக்கின் மிச்சம் கலப்பது. துறைமுகத்தில் பூச்சிக்காகப் புகைமூட்டம் போட்டாலும் அந்தச் சரக்கு ஆர்கானிக் என்ற தகுதியை இழக்கும்.

சங்கங்கள் இதைத் தடுக்கும் வழி எளியது, செலவும் குறைவு: எல்லைத் தடுப்பு வேலி, உறுப்பினருக்குத் தனி நிறத்தில் புதுச் சாக்கு, ஆலையில் ஆர்கானிக் ஓட்டத்துக்கு முன் எந்திரத்தைச் சுத்தம் செய்து முதல் சில மூட்டையைச் சாதாரணச் சரக்கில் சேர்ப்பது, கப்பலேற்றும் முன் மாதிரிச் சோதனை. மதிப்பிட்ட விளைச்சலைவிட ஓர் உறுப்பினர் அதிகம் கொண்டுவந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்பதும் முக்கியம். பக்கத்து வீட்டுக் காபி உள்ளே வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

21. காடழிப்புச் சட்டம் வருதுங்கறாங்களே, ஆர்கானிக் சான்றிதழ் இருந்தா போதாதா?

போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1115 சட்டம் தனி. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்துக் காபி உள்ளே வரக் கூடாது. ஒவ்வொரு சரக்குக்கும் தோட்டத்தின் இட ஆயத்தொலைவுகள் வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுவதும், அதற்குக் கீழ் ஒரு புள்ளி போதும். அமலாகும் தேதி ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போடப்பட்டது. அதற்குள் வாங்குபவர்கள் தரவு கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

10இல் சொன்ன உள் ஆய்வு முறை இருக்கும் சங்கங்களுக்கு வரைபடம் பாதி தயார். சிக்கல் இரண்டு. பெருவின் காட்டோரத்தில் பலரிடம் முறையான பட்டா இல்லை, அனுபவச் சான்று மட்டுமே; சட்டப்படி விளைந்தது என்று காட்டுவது அங்கே இழுபறி. அடுத்தது, சங்கம் தன் செலவில் எடுத்த வரைபடத்தை இறக்குமதியாளர் இலவசமாகக் கேட்பது. வாங்குபவராக இருந்தால், அந்தத் தரவுக்கான தொகையைக் கொட்டை விலையோடு கலக்காமல் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிக் கொடுங்கள்.